அய்யாக்கண்ணுவின் வலது கால்

பெரம்பலூர் மைதானத்தில் அன்று வரிசை கட்டி நின்ற வண்டிகளில் கடைசி வண்டி அய்யாக்கண்ணுவுடையது. ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பியட். அதற்கு இருபத்தோரு வயது முடிந்திருந்தது. அரியலூர் டாக்சி ஸ்டாண்டில் அதைவிட வயதானது ஸ்டாண்டுக்கு நிழல் கொடுத்த புளியமரம் மட்டும்தான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையில் ஒரு டீ டம்ளர். விளிம்பு வரை டீ. அதை அவர் குடிக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே தட்டையாக இருந்த இடத்தில் பிள்ளையாரை வைப்பது போல வைத்தார்.

"நாப்பதுல போ. நிறுத்துன்னா நிறுத்தணும். டீ சிந்துச்சுன்னா எஃப்.சி. கெடையாது."

எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்று சர்க்கார் கொடுக்கும் சீட்டு. அது இல்லாத டாக்சி வாசலில் கோழி அடையத்தான் உதவும். அய்யாக்கண்ணு பன்னிரண்டு வருஷம் யாரோ ஒருவரின் சுண்ணாம்புக்கல் லாரியை ஓட்டி, உடம்பெல்லாம் வெள்ளை பூத்து, அதற்குப் பிறகு வாங்கிய வண்டி இது. சீட்டு போனால் மறுபடி அந்த லாரிதான். இந்த நினைப்பு வந்ததுமே அவர் முதுகில் வேர்வை வழிய ஆரம்பித்தது. பனியன் தாண்டி, சட்டை தாண்டி, சீட்டின் பஞ்சு வரைக்கும் போனது.

நாற்பதில் போனார்.

"நிறுத்து!"

மிதித்தார். அவ்வளவுதான். ஸ்டீயரிங் அவர் கைகளை உதறியது. கதவுக் கண்ணாடிகள் நான்கும் பல் கடித்தன. டீ முதலில் கூரைக்குப் போனது, அங்கே பிடிக்காமல் இன்ஸ்பெக்டரின் சட்டைக்கு இறங்கியது. டம்ளர் ஜன்னல் வழியாகப் பறந்து, மைதானத்து ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாட்டின் கொம்பில் போய் மாட்டிக்கொண்டது. ஆடு அதோடு எட்டு நாள் திரிந்ததாகப் பெரம்பலூரில் சொல்வார்கள்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

"இது என்னய்யா, பிரேக்கா, நெல்லு சலிக்கிற மிஷினா?"

"சார், சாமி சத்தியமா..."

"சாமியை விடு. பத்து நாள் தரேன். செவ்வாக்கெழம இதே எடத்துக்குக் கொண்டா. அன்னிக்கும் ஆடுச்சுன்னா அந்தாளுகிட்ட பேசிக்க."

அந்தாள் என்று அவர் கை காட்டியது அரியமுத்துவை. திருச்சியில் பழைய இரும்பு வியாபாரம். எங்கே எஃப்.சி. நடந்தாலும் ஆள் விட்டுச் சொன்னது போல முன்கூட்டியே வந்து மர நிழலில் நிற்பார். இப்போது நடந்து வந்து பியட்டின் மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டினார், கசாப்புக்காரர் ஆட்டின் தொடையைத் தட்டுவது போல.

"நல்ல தகரம்" என்றார். மறுபடி நிழலுக்குப் போய்விட்டார்.

அய்யாக்கண்ணு வண்டியை எடுத்துக்கொண்டு அரியலூர் வந்து சேர்ந்தபோது அந்த இரண்டு தட்டலும் அவர் காதிலேயே இருந்தன.

வண்டி நடுங்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. பாலில் ஆடை மிதப்பது போலப் போகும். பிரேக்கை மிதித்தால்தான் பேய் பிடிக்கும். ஒரு தடவை ஆண்டிமடத்து வியாபாரி ஒருவர் முந்திரிக்கொட்டை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். வழியில் மூன்று இடத்தில் பிரேக் போட வேண்டியிருந்தது. இறங்கி மூட்டையைப் பிரித்தால் பருப்பு தனியாக, ஓடு தனியாக இருந்தது. உடைக்கும் கூலி மிச்சம் என்று அவர் வாரம் ஒரு தடவை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்கள் அப்படிச் சந்தோஷப்படவில்லை. ஆறு மாதத்துக்கு முன் அரியலூரிலேயே ஒரு பட்டறையில் முன் சக்கரங்களின் கிங்பின் புஷ்களை மாற்றினார்கள். சக்கரம் திரும்புவதற்கு முளைபோல இருப்பது கிங்பின். அது ஆடாமல் பிடித்துக்கொள்வது புஷ். பதினைந்து நாள் சும்மா இருந்த வண்டி மறுபடி ஆடியது. நாலு மாதத்துக்கு முன், சக்கரத்துக்குள் பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வட்டங்களான டிரம்களைக் கழற்றி லேத்தில் கொடுத்துக் கடைந்தார்கள். மறுபடி பதினைந்து நாள். மறுபடி ஆட்டம்.

இத்தனைக்கும் அய்யாக்கண்ணுவைப் போல வண்டியைப் பூப்போல ஓட்டுகிற டிரைவர் இரண்டு ஊரிலும் கிடையாது. எதிரே கோழி வருமோ, குழந்தை வருமோ, முக்கால் மைல் தள்ளி நிற்கும் எருமைக்குத் திடீரென்று சாலையைக் கடக்கும் ஆசை வருமோ என்று பயந்துகொண்டேதான் ஓட்டுவார். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவார். அவர் பாதம் முறம் மாதிரி அகலம். சுண்டுவிரல் ஆக்சிலேட்டரில் இருக்கும்போதே பெருவிரல் பிரேக்கின் மேல் தயாராகக் கிடக்கும். அந்த வண்டியின் பின்னால் எரியும் சிவப்பு பிரேக் விளக்கு அணைந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பக்திக்கும் குறைவில்லை. வாடிக்கைச் சவாரி அமைந்ததிலிருந்து திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலுக்கு டாக்சி போகும். சவாரிக்காரர்கள் இறங்கிக் கும்பிடப் போனதும் அவர் டிக்கியிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்து, அடிபம்பில் தண்ணீர் பிடித்து, மஞ்சளைக் கரைத்து, முன் சக்கரம் இரண்டுக்கும் ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும்.

"அம்மா வாங்கிக்கிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நடுக்கம் வந்த பிறகு பயம் கூடிப்போய், சக்கரத்துக்கு ஒரு சொம்பாக இருந்ததை இரண்டாக்கினார். ஆட்டம் அதிகமாயிற்று. நாலாக்கினார். இன்னும் அதிகமாயிற்று. அம்மனுக்கு நம்மேல் தீராத கோபம் என்றே முடிவு கட்டிவிட்டார்.

ஆறு நாள் ஸ்டாண்டில் கிடைத்த யோசனைகளிலேயே போயிற்று. டயரை மாற்றிப் போடு என்றார்கள், போட்டார். எலுமிச்சம்பழம் கட்டு என்றார்கள். வண்டியே தெரியாத அளவுக்குக் கட்டினார். சோறு இறங்கவில்லை. டம்ளரை எடுத்தால் டம்ளர் ஆடியது, அவர் கையா வண்டியின் வியாதியா என்று அவருக்கே தெரியவில்லை.

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில் அவர் மனைவி உண்ணாமலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"பெரம்பலூருக்கு. தொறையூர் ரோட்டுல செல்லக்கண்ணுன்னு ஒருத்தன் பட்டறை வச்சிருக்கானாம். நீங்க தனியாப் போனா வழியில எவனாவது வண்டிக்குத் தாயத்துக் கட்டச் சொல்லுவான், அதையும் கட்டிக்கிட்டு வந்து நிப்பீங்க. எடுங்க வண்டிய."

செல்லக்கண்ணுவுக்கு முப்பது வயது இருக்கும். பேசும்போதும் பீடியை உதட்டிலிருந்து எடுக்காத ஆள். எலுமிச்சம்பழ மாலைகளை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணே, வண்டிக்கு என்ன, நிச்சயதார்த்தமா?"

"கிண்டல் பண்ணாத தம்பி. நாலு நாள்தான் இருக்கு."

"பிரேக் போட்டா ஸ்டீயரிங் ஆடுதா, உக்காந்திருக்கிற சீட்டு ஆடுதா?"

"ஸ்டீயரிங்தான். ஆடுதுன்னா ஆட்டமா அது, எனக்கு ரெண்டு பல்லு ஆடிப்போச்சு."

"அப்ப முன்னாடிதான் கோளாறு."

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் அசைத்தான். டக், டக் என்றது. அய்யாக்கண்ணுவின் நெஞ்சும் அதே தாளத்தில் டக் டக் என்றது.

"அக்கா, உள்ள உக்காந்து பிரேக்கை அமுத்திப் பிடிங்க."

உண்ணாமலை டிரைவர் சீட்டில் ஏறினாள். வண்டி வாங்கிய பதினோரு வருஷத்தில் அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்ததில்லை. கீழே குனிந்து பார்த்தவள், "இதுல எது பிரேக்கு? இங்க ஒண்ணு மட்டும் கண்ணாடி மாதிரித் தேஞ்சு கெடக்கு" என்றாள்.

"அதான்க்கா. அமுத்துங்க."

மறுபடி அசைத்தான். மறுபடி டக்.

"பேரிங்கா இருந்தா பிரேக்கைப் பிடிச்சதும் ஆட்டம் நின்னுரும். நிக்கல. கிங்பின் புஷ் தேஞ்சிருக்கு."

"ஆறு மாசந்தான தம்பி ஆவுது மாத்தி!"

"அதான் எனக்கும் புரியல. ஆறு வருசம் ஓட வேண்டிய சாமான்." பிரேக்கைச் சற்று இறுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினான். சும்மா சுற்றி வந்த சக்கரம் ஓர் இடத்தில் 'சர்ர்' என்று உரசியது. அங்கே சாக்கட்டியால் கோடு போட்டான். மறு சுற்றிலும் அதே கோட்டில் சர்ர். அதற்கு அடுத்த சுற்றிலும் அதே கோட்டில்.

"டிரம் வட்டமா இல்ல. கோழி முட்ட மாதிரி ஆயிருக்கு. பிரேக் போட்டா அது ஒதறுது, ஒதறுனா புஷ்ஷு தேயுது. புஷ்ஷு தேஞ்சா இன்னும் ஒதறுது. ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு இருக்கு."

"கடைஞ்சா சரியாயிரும்ல?"

செல்லக்கண்ணு டிரம்மைக் கழற்றி ஓரத்தை விரலால் தடவினான். அப்போதுதான் முதல் தடவையாகப் பீடியை எடுத்துக் கீழே போட்டான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை கடையலாம்ணே. அதுக்கு மேல இரும்பு இல்ல, அப்பளம்தான். புது டிரம்முக்கு இப்ப மெட்ராசுல சொல்லி வச்சாலும் ரெண்டு மாசம் ஆவும். எதனால கோணுதுன்னு தெரியாம கடைஞ்சு குடுத்தா, பத்து நாள்ல மறுபடி கோணும். சூடா இருக்கையில வண்டியக் கொளத்துல ஏதும் எறக்குவீங்களா? காஞ்ச டிரம்முல தண்ணி பட்டா கோணிக்கும்."

அய்யாக்கண்ணுவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நானா? கொளத்துலயா? மழ பேஞ்சா வண்டிக்குக் கொட பிடிக்கிற ஆளு நானு! இந்த வண்டிச் சக்கரத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட விட்டதில்ல தம்பி."

சத்தியமாகவே சொன்னார். மஞ்சள் நீர் என்பது தண்ணீர்க் கணக்கில் வரும் என்று அவருக்குக் கனவிலும் தோன்றவில்லை. அது பூஜை.

உண்ணாமலைக்கு அந்த மஞ்சள் சொம்பு தெரியும். ஆனால் அவளும் சிறுவாச்சூர்க் காளியைக் கும்பிடுகிறவள்தான்; அவளுக்கும் அது தண்ணீராகத் தோன்றவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அய்யாக்கண்ணு லேத்துப் பட்டறை வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே சுருள் சுருளாக இரும்பு உதிர்வதைப் பார்க்கப் பார்க்க, தன் சதையையே சீவுவது போலக் கூசியது. கீழே விழுந்த ஒரு சுருளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், எங்கேயாவது தேவைப்பட்டால் ஒட்டிக்கொள்ளலாம் என்பது போல.

திங்கட்கிழமை மத்தியானம் வண்டி தயார். புதுப் புஷ், கடைந்த டிரம்.

"எதனாலன்னு எனக்கு இன்னும் புடிபடல. நானும் கூட வரேன், ஓட்டிக் காட்டுங்க" என்று செல்லக்கண்ணு பின் சீட்டில் ஏறிக்கொண்டான். முன் சீட்டில் உண்ணாமலை. எங்கே போவது என்ற கேள்விக்கே இடமில்லை. திங்கட்கிழமை, வண்டி தானாகவே சிறுவாச்சூர்ப் பக்கம் திரும்பியது.

வழியில் மூன்று இடத்தில் பிரேக் போட்டுப் பார்த்தார்கள். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நின்றது. அய்யாக்கண்ணுவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாயிற்று. இதற்கு மேல் கடைய இரும்பு இல்லை. நாளைக்குச் செவ்வாய். நடுவில் ஒரே ஒரு ராத்திரி. அதற்குள் எதுவும் கோணிவிடக் கூடாதே தாயே என்று முணுமுணுத்துக்கொண்டே, வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் அழுத்தமாகவே பெருவிரலைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

கோயில் வாசலில் கூட்டமான கூட்டம். வண்டி நின்றதும் அவர் இறங்கி ஓடி, சொம்பை எடுத்து, அடிபம்பில் நிரப்பி, மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தார். இன்றைக்கு நாலு போதாது, ஆறு சொம்பு என்று மனதில் வேண்டிக்கொண்டு, முன் சக்கரத்துக்கு நேராகச் சொம்பைச் சாய்க்கப் போனார்.

செல்லக்கண்ணு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். முகத்தில் அடுப்படி அனல் போல ஏதோ அடிக்கிறதே என்று டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனவன், "ஆத்தாடி!" என்று கையை உதறினான். நிமிர்ந்தால் தலைக்கு மேல் சொம்பு.

"ஊத்தாதீங்க!"

அந்தச் சத்தத்தில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பிப் பெரம்பலூர் போய்த்தான் இறங்கின. வரிசையில் நின்ற ஜனம் மொத்தமும் திரும்பியது.

"என்னடா கத்துற? அம்மனுக்குச் செய்றது!" என்றார் அய்யாக்கண்ணு.

"எத்தினி நாளா இதைச் செய்றீங்க?"

"எட்டு மா..." என்று ஆரம்பித்த அய்யாக்கண்ணு நிறுத்திக்கொண்டார். சொம்பைப் பின்னுக்கு இழுத்தார். ஒரே ஒரு துளி மஞ்சள் நீர் விளிம்பைத் தாண்டி டிரம்மில் விழுந்தது. புஸ்ஸ்!

இத்தனை நாளும் அம்மன் வாங்கிக்கொண்டாள் என்று நினைத்த அதே சத்தம். இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

"அண்ணே, இது தோசைக்கல்லு. இதுல பச்சத் தண்ணிய ஊத்துனா கோணாம என்ன செய்யும்? சரி, பத்து கிலோமீட்டர் வந்ததுக்கு இவ்வளவு சூடு எப்படி வந்துச்சு? மலையா எறங்கி வந்தோம்?"

"நான் சொல்றேன்" என்றாள் உண்ணாமலை. "வழியெல்லாம் பாத்துக்கிட்டேதான் வந்தேன். இவரு கட்டவெரலு இருக்குல்ல, அது பெரம்பலூர்ல பிரேக்கு மேல ஏறுச்சு. இங்க வந்துதான் எறங்குச்சு."

"நான் ஒரு முன் ஜாக்கிரதைக்கு..."

"ஜாக்கிரதைக்காண்ணே? நீங்களே சூடு பண்ணி நீங்களே தண்ணி ஊத்தி, எட்டு மாசமா வண்டியக் கொல்லன் ஒலையில போட்ட மாதிரி போட்டு எடுத்துருக்கீங்க!"

அய்யாக்கண்ணு அப்படியே நின்றார். ஊற்றினால் வண்டி போகும். நாளைக்கு அரியமுத்து மட்கார்டைத் தட்டுவார். ஊற்றாவிட்டால்? அம்மனுக்கென்று மொண்டு, மஞ்சள் கரைத்து, வாசல் வரை கொண்டுவந்த நீர். அதைத் தரையில் கொட்டிவிட்டுப் போகிற தைரியம் அந்த ஜில்லாவிலேயே யாருக்கும் கிடையாது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இப்ப நான் இதை என்னடி செய்யட்டும்?"

உண்ணாமலை சொம்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவர் வலது காலை ஒரு பார்வை பார்த்தாள்.

"சூடு எங்க கெளம்புதோ அங்கதான் ஊத்தணும். காலக் காட்டுங்க."

"ஏய், ஜனம் பாக்குது."

"பாக்கட்டும். வலது காலு."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் காலை நீட்ட, உண்ணாமலை குனிந்து, கோபுரத்தை ஒரு தடவை, காலை ஒரு தடவை பார்த்து, "தாயே, இந்தக் காலக் கொஞ்சம் அடக்கி வையி" என்று மொத்தச் சொம்பையும் அதன்மேல் ஊற்றினாள். பெருவிரலை மட்டும் தனியாக இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள்.

வரிசையில் நின்ற பெண்களுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. புருஷன் காலை இப்படிக் கழுவுகிறவள் எந்த ஊர்ப் புண்ணியவதி என்று கண்ணீர் விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஏழெட்டு டிரைவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதாகக் கேள்வி.

செல்லக்கண்ணு டிரம் தானாக ஆறும் வரை முக்கால் மணி நேரம் வண்டியை நகர்த்த விடவில்லை. திரும்பும்போது உண்ணாமலை சாலையைப் பார்க்கவே இல்லை. குனிந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க... காலு."

எடுத்தார்.

"ஏங்க..."

எடுத்தார். பெரம்பலூர் வருவதற்குள் எழுபது 'ஏங்க' ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை. அதே மைதானம். மர நிழலில் அரியமுத்து, இந்தத் தடவை தார்ப்பாயும் கயிறும் கொண்டுவந்திருந்தார். உண்ணாமலையும் செல்லக்கண்ணுவும் ஓரத்தில் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். டம்ளர் விளிம்பு வரை டீ.

"நாப்பது."

வண்டி வேகம் எடுத்தது. பெருவிரல் தன் பழைய இடத்துக்கு மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் உண்ணாமலை இல்லை. ஆனாலும் காதில் 'ஏங்க' என்று கேட்டது. குனிந்து பார்த்தார். மஞ்சள் ஏறிய கால். எடுத்துத் தள்ளி வைத்தார். கால் பிரேக்கை விட்டு அவ்வளவு தள்ளி இருப்பது, பிடிமானம் இல்லாமல் கிணற்றில் தொங்குவது போல இருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேருமா? இருபத்தைந்து, முப்பது, நாற்பது.

"நிறுத்து!"

மிதித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி நின்றது. சத்தமே இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். டம்ளரில் டீ முன்பக்கம் சாய்ந்து, விளிம்பில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, கீழே இறங்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று உள்ளே போய்விட்டது. விளிம்பில் உட்கார்ந்திருந்த ஈ கூடக் கிளம்பவில்லை.

இன்ஸ்பெக்டர் ஈயை ஊதிவிட்டு டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"இந்த வேலைக்கு வந்து ஒம்பது வருசத்துல இன்னிக்குத்தான்யா நான் வாங்குன டீ எனக்குக் கெடச்சிருக்கு" என்றார். எஃப்.சி. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கப் போனவர் நின்றார். "அது சரி, ஒரு காலு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

"வண்டிக்கு வைத்தியம் பாத்தோம் சார்."

"காலுக்கா?"

"நோவு அங்கதான் சார் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அரியமுத்து கயிற்றைச் சுருட்டினார். உண்ணாமலை ஓடி வந்து முன் சீட்டில் ஏறினாள். எஃப்.சி. சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை, முதலில் கீழேதான் குனிந்து பார்த்தாள்.

அரியலூர் சாலையில் அந்தப் பியட் போவதைச் செல்லக்கண்ணு நின்று பார்த்தான். பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. சாலை வளையும் இடத்தில் ஒரு தடவை எரிந்து, வளைந்ததும் அணைந்தது.